அட்டைப்பெட்டி இருக்கா அண்ணாச்சி? – குட்டிகளைச் சுமந்த கூடைகளின் கதை

எங்க கரிசல் பக்கம் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கடைசியில் கேட்பார்கள். தாய் எப்படி, தகப்பன் எப்படி, காது நிற்குமா, கடிக்குமா, என்ன சாப்பிடும் என்று ஒரு மணி நேரம் விசாரிப்பார்கள். விலை பேசி, காபி குடித்து, கார் கதவைத் திறக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். "அண்ணாச்சி, ஒரு அட்டைப்பெட்டி இருக்கா?"

பிஸ்கட் வந்த பெட்டி, ஆப்பிள் வந்த பெட்டி, உரக்கடைப் பெட்டி, ஏதோ ஒண்ணு. சென்னைக்கு ஒன்பது பத்து மணி நேரம் அந்தக் குட்டி உட்கார்ந்து வரப்போகிற வீடு அதுதான். அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு உயிரை எதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகணும் என்பது ஒரு காலத்தில் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இன்றைக்கு அது கடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூணு அளவில் விற்கிற பிளாஸ்டிக் பெட்டி ஆகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பெட்டி வாங்கும்போது என்ன பார்க்கணும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கதையைக் கேட்டுவிட்டு வாங்கினால் தப்பாக வாங்க மாட்டீங்க.

பஞ்சாரமும் கடகமும்

டவுனில் வளர்ந்தவர்கள் பஞ்சாரத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. பெரிய கூடையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். மூங்கிலில் பின்னியது உண்டு, புளிய விளாரில் பின்னியது உண்டு, ஈச்சமாரில் பின்னியதும் உண்டு. சாயங்காலம் ஆனால் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் உள்ளே விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் கீரியும் பூனையும் ஒன்றும் பண்ண முடியாது. இடைவெளி வழியாகக் காற்று நாலு பக்கமும் போகும். குஞ்சின் தலை வெளியே வராத அளவுக்குத்தான் அந்த இடைவெளி.

கூடை முடைகிறவரிடம் போய்ப் பஞ்சாரம் வேணும் என்று சொன்னால், உடனே விலை சொல்ல மாட்டார். "எத்தனை உருப்படி? சேவலும் சேர்த்தா?" என்றுதான் கேட்பார். சேவல் என்றால் கொண்டையோடு தலையைத் தூக்கி நிற்கும், அதனால் கூடையின் வயிறு இன்னும் ஒரு சாண் உயரணும். பெட்டையும் குஞ்சும் என்றால் உயரம் குறைந்தாலும் பரவாயில்லை, அடி அகலமாக இருக்கணும். கோழியைக் கேட்டுத்தான் கூடை. கூடையைப் பார்த்துக் கோழி இல்லை.

சந்தைக்கோ, மகள் வீட்டுக்கோ கோழியைக் கொண்டுபோகணும் என்றால் அதே கூடையை நிமிர்த்தி, அடியில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு, வாயைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கட்டுவார்கள். மாட்டு வண்டியில் பின்பக்கம் ஏறிவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. கோழிக்கு அது புது இடம் இல்லை. தினமும் ராத்திரி படுக்கிற வீடுதான் வண்டியில் ஏறுகிறது. அதனால் கத்தாது, சிறகடிக்காது.

நாய்க்குட்டிக்குக் கடகம். பனையோலையில் முடைந்த பெட்டி. லேசானது, வெயிலில் சூடேறாது, ஓலையின் இடுக்கு வழியாகக் காற்று போகும், குட்டி அசிங்கம் பண்ணினால் கழுவிக் காய வைத்துக்கொள்ளலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று எங்க பக்கத்து நாய்கள் ஊர் விட்டு ஊர் போனதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்பினதால்தான் கன்னி என்று பேர் வந்ததாக இன்றைக்கும் சொல்லுவாங்க. அப்படிப் போகிற குட்டிக்குக் கடகத்தின் அடியில் புதுத்துணி விரிக்க மாட்டார்கள். தாய் படுத்துப் படுத்து அழுக்கேறின சாக்கில் ஒரு துண்டைக் கிழித்துப் போடுவார்கள். புது ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் குட்டிக்குத் தாய் வாசனை இருக்கணும்.

ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிகளிடம் குட்டிக்கூடு இருக்கும். பிறந்து சில நாளே ஆன குட்டிகளால் மந்தையோடு மைல் கணக்கில் நடக்க முடியாது. தாய் ஆடுகள் மேயப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளை அந்தப் பெரிய கூட்டில் அடைத்து வைப்பார்கள். கிடை நகர்ந்தால் கூடும் கூடவே நகரும். அங்கேயும் வீடும் அதுதான், வண்டியும் அதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் கிராமத்தில் எல்லாம் கருணையாக நடந்தது என்று நினைத்துவிடாதீங்க. கோழியின் ரெண்டு காலையும் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போனதும் இதே ஊர்தான். பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கினதும் இங்கேதான். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். வளர்க்கப் போகிறதுக்குக் கூடை, அறுக்கப் போகிறதுக்குக் கயிறு. கைத்திறமை எல்லாருக்கும் இருந்தது. யாருக்காக அதைச் செலவழிப்பது என்பதில்தான் பாரபட்சம்.

ரயிலுக்கு ஏத்த நாய்

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் அதுதான். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷனும் மூட்டையும் போகிற வேகமே மாறியது. பிராணிகள் போகிற விதமும் மாறியது.

ரயிலில் நாய்க்கு என்று ஒதுக்கினது கார்டு பெட்டியில் இருக்கும் ஒரு சின்ன அறை. இரும்புக் கதவு போட்டது. நாய்ப்பெட்டி என்றே அதற்குப் பேர். இன்றைக்கும் பல ரயில்களில் பார்க்கலாம். கூடை முடைகிறவர் "எத்தனை உருப்படி?" என்று கேட்டார் இல்லையா, ரயில் அப்படிக் கேட்கவில்லை. கோம்பை நாயோ, கிரேட் டேனோ, பொமரேனியனோ, எல்லாத்துக்கும் அதே அறைதான். பெட்டியின் அளவை முடிவு பண்ணினது நாய் இல்லை, வண்டி. நான் பார்த்த வரைக்கும் எல்லாம் தலைகீழான இடம் அதுதான்.

ஆனாலும் ரயில்வே ஒரு பழைய சலுகையை விட்டுவைத்தது. கூடையில் அடங்குகிற சின்னக் குட்டியாக இருந்தால், அதற்குரிய கட்டணத்தைக் கட்டி உங்க கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று விதி உண்டு. அதிலும் பார்த்தீங்களா, பேர் கூடைதான். பெரிய நாயைக் கூடவே வைத்துக்கொள்ளணும் என்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுசாகப் பதிவு பண்ணணும். இதெல்லாம் அவ்வப்போது மாறக்கூடியது, அதனால் கிளம்பும் முன் பார்சல் ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் பஸ் வந்தது. கடகம் போய் வயர் கூடை வந்தது. எண்பதுகளில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பச்சையும் சிவப்புமாகப் பின்னின வயர் கூடையிலிருந்து ஒரு சேவல் தலையை நீட்டிக் கண்டக்டரைப் பார்க்கும். வயர் கூடையில் காற்று போகும், பரவாயில்லை. அதற்கப்புறம் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. கடைசியில் பிளாஸ்டிக் சாக்கு. ஒவ்வொரு படியிலும் தூக்குகிறவனுக்குச் சுலபம் கூடியது, உள்ளே இருப்பதற்கு மூச்சு குறைந்தது.

நூறு குஞ்சுப் பெட்டி

அட்டைப்பெட்டி என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. உலகத்திலேயே நன்றாக யோசித்துச் செய்த பிராணிப் பெட்டிகளில் ஒன்று அட்டையில் செய்ததுதான்.

முட்டையிலிருந்து வெளியே வருகிற கோழிக்குஞ்சு, கடைசி நேரத்தில் மிச்ச மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கையிருப்பை வைத்து ரெண்டு மூணு நாள் தீனி, தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஒரு நாள் குஞ்சை ஊர் விட்டு ஊர் அனுப்ப ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1918-லிருந்து தபாலிலேயே அனுப்பலாம் என்று ஆனது. நம்ம நாமக்கல், பல்லடம் பக்கம் பொரிப்பகங்களிலிருந்து வேனில் ஏறுவதும் இந்த மாதிரிப் பெட்டிதான்.

அந்தப் பெட்டியைப் பிரித்துப் பாருங்க. பக்கவாட்டிலும் மேலேயும் ஓட்டை இருக்கும். உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து நாலு அறை. அறைக்கு 25 குஞ்சு, மொத்தம் 100. ஏன் நூறையும் ஒரே அறையில் விடக் கூடாது? வண்டி பிரேக் அடித்தால் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்து, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும். ஏன் அஞ்சு அஞ்சாக விடக் கூடாது? ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு சூடு ஏற்றிக்கொள்ள ஆள் பத்தாது, குளிரில் வாடிவிடும். குஞ்சின் உடம்புச் சூட்டையே கணக்குப் போட்டுத்தான் அட்டையை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே பெட்டி அட்டையா, பிளாஸ்டிக்கா, ஓலையா என்பது ரெண்டாவது கேள்வி. யாருக்காகச் செய்த பெட்டி என்பதுதான் முதல் கேள்வி. பிஸ்கட் பெட்டி பிஸ்கட்டுக்காகச் செய்தது.

லண்டனில் செத்த குரங்குகள்

இனி கொஞ்சம் தூரம் போகணும். இன்றைக்கு நீங்க கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் பெட்டியின் நாலு பக்கமும் ஏன் சன்னல் இருக்கு என்பதற்கான கதை விமானத்தில் தொடங்குகிறது, அதுவும் நம்ம நாட்டிலிருந்து.

1950-களில் போலியோ தடுப்பூசி செய்ய ரீசஸ் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்டது. அந்தக் குரங்கு வட இந்தியாவில் ஏராளம். பிடித்துக் கூண்டில் அடைத்து டெல்லியிலிருந்து லண்டன் வழியாக அமெரிக்காவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்கு லட்சத்துக்கும் மேல் குரங்குகள் போயின. 1955 தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் வண்டி மாற்றும்போது, கிட்டத்தட்ட 400 குரங்குகள் அடைபட்ட இடத்தில் காற்று இல்லாமல் மூச்சுத் திணறி இறந்துபோயின. பசியால் இல்லை, அடியால் இல்லை. வெறும் காற்று இல்லாமல்.

செய்தி பெரிதாகி, இந்திய அரசு ஏற்றுமதியைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. அப்புறம் நிபந்தனைகளோடு மறுபடி அனுமதித்தது. கடைசியில் மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது தடை அறிவித்து, 1978 ஏப்ரலிலிருந்து அடியோடு நிறுத்தினார்கள்.

இதே காலத்தில்தான் சென்னையிலிருந்து ஒருத்தர் நாடாளுமன்றத்தில் பிராணிகளுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். நடனத்துக்காகத்தான் அவரை நமக்குத் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், பிராணி வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அவர்தான் முதல் தலைவர். 2018-ல் ஹரியானாவுக்கு மாறும் வரை அந்த வாரியத்தின் தலைமையிடம் நம்ம சென்னைதான்.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் ரெண்டு விஷயம் நம்ம கதைக்கு வேணும். தேவையில்லாத வலியோ வேதனையோ வரும்படி ஒரு பிராணியைக் கொண்டுபோவது குற்றம். அசையக்கூட இடமில்லாதபடி நீளம், அகலம், உயரம் பத்தாத கூண்டில் அடைப்பதும் குற்றம். சைக்கிளில் தலைகீழாகத் தொங்குகிற கோழிக்கும் இது பொருந்தும். கார் டிக்கியில் கிடக்கிற நாய்க்குட்டிக்கும் பொருந்தும். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-ல் அது பெரிய காசு. இன்றைக்கு ரெண்டு டீயும் ரெண்டு வடையும்.

1978-ல் பிராணிகளைக் கொண்டுபோவதற்கு என்றே தனி விதிகள் வந்தன. நாய், பூனை, குரங்கு, மாடு, குதிரை, ஆடு என்று தனித்தனி அத்தியாயம். குரங்குக் கூண்டின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறார்கள். நாய் பூனைக்கு டாக்டர் சான்றிதழ் வேணும், கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே தீனி தண்ணி கொடுத்து முடிக்கணும், வழியில் கோடையானால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிர்காலமானால் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி, வளர்ந்ததுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தீனி என்று இருக்கு. 2001-ல் கோழிக்கும் விதி சேர்ந்தது. மூணு மாதக் கோழிக்கு 230 சதுர சென்டிமீட்டர், வளர்ந்த கோழிக்கு 480 சதுர சென்டிமீட்டர் தரை இடம் வேணும். கூடை முடைகிறவர் சாண் போட்டுச் சொன்னதைத்தான் அரசாங்கம் சென்டிமீட்டரில் சொன்னது. நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நாயை அளந்து பெட்டி

விமானக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. ஐயாட்டா என்று சொல்லப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 1960-களின் கடைசியில் உயிருள்ள பிராணிகளுக்கான விதிப் புத்தகத்தை வெளியிட ஆரம்பித்தது. இன்றைக்கும் அது திருத்தித் திருத்தி வந்துகொண்டிருக்கு. நாய் பூனைக் கூண்டுக்கு அதில் இருக்கும் கணக்கு ரொம்ப எளிமை. ஒரு டேப் இருந்தால் போதும்.

நாயை நிற்க வைத்து நாலு அளவு எடுங்க. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை ஒன்று. தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ரெண்டு. தோள்பட்டையின் அகலம் மூணு. தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அது நாலு.

பெட்டியின் நீளம், முதல் அளவோடு ரெண்டாவது அளவில் பாதியைக் கூட்டினால் வருவது. அகலம், மூணாவது அளவைப் போல ரெண்டு மடங்கு. உயரம், நாலாவது அளவோடு அடியில் விரிக்கிற படுக்கையின் கனம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு எல்லாத்திலும் 10 சதவீதம் கூட்டணும். நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், இந்த மூணுக்கும் இடம் விடுவதுதான் அந்தக் கணக்கின் அர்த்தம்.

இப்போ கடைக்குப் போங்க. "எத்தனை கிலோ சார் உங்க நாய்?" என்று கேட்பார்கள். பெட்டியின் மேலேயும் கிலோதான் போட்டிருக்கும். இங்கதான் நம்ம ஊரு நாய்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். சிப்பிப்பாறை ஒல்லி. நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு. ஒன்றை அளந்தால் நீளம் 85, முழங்கை 36, தோள் 17, உயரம் 80 சென்டிமீட்டர் என்று வருகிறதாக வைத்துக்கொள்ளுங்க. பெட்டி 103 சென்டிமீட்டர் நீளமும், 34 அகலமும், படுக்கையோடு சேர்த்து 83 உயரமும் வேணும். அதே எடையில் ஒரு குட்டைக்கால் நாய் நீளம் 65, முழங்கை 20, தோள் 24, உயரம் 50 இருந்தால், 75 நீளம், 48 அகலம், 53 உயரம் போதும். தராசில் ரெண்டும் ஒன்று. பெட்டியில் கிட்டத்தட்ட ஒரு அடி வித்தியாசம். கிலோ பார்த்து வாங்கினால் சிப்பிப்பாறை சென்னை போய்ச் சேருகிற வரைக்கும் கூனிக்கொண்டே நிற்கும்.

எடை என்பது தூக்குகிறவனுக்கு வேண்டிய கணக்கு. சீட்டுக்கு அடியில் நுழையும் என்று விற்கிற துணிப்பையும் அப்படித்தான், அது விமானத்தின் அளவு. உங்க பூனை அதில் திரும்பிப் படுக்குமா என்று தனியாக அளந்து பார்க்கணும்.

வாங்கும்போது

போன கோடையில் எங்க பக்கத்து ஊரில் நடந்தது. வெளியூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு குட்டி வாங்கினார். சீட் அழுக்காகும் என்று அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே டேப் ஒட்டி, டிக்கியில் வைத்துவிட்டார். மதுரை தாண்டிச் சாப்பிட நிறுத்தினபோது திறந்து பார்த்தால் ஒன்று போய்விட்டது. முன்னாடி ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கு. குட்டி கொடுத்தவருக்குப் போன் போட்டு, "நோய்க்குட்டியைத் தலையில் கட்டிட்டீங்க"ன்னு சண்டை. அதற்கு ஒரு நோயும் இல்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். கோழிக்கும் அதே கதி, அலகைத் திறந்துதான் இரைக்கும். மூடின பெட்டியில் அந்த மூச்சின் ஈரமே உள்ளே நிறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. அதனால் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. மேலே மட்டும் ஓட்டை இருந்தால் பத்தாது, அதன்மேல் ஒரு பையை வைத்தால் முடிந்தது கதை. நாலு பக்கமும் வேணும். நல்ல பெட்டியில் ஓரத்தில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் சூட்கேஸ் ஒட்டி நின்றாலும் சன்னல் அடைபடாமல் இருக்கத்தான் அது.

அடுத்தது கதவும் அடியும். கதவுக் கொக்கியைக் குட்டி மூக்கால் தள்ளித் திறக்க முடியக் கூடாது. அடிப்பகுதி வழுக்கக் கூடாது, ஒழுகவும் கூடாது. பூனைக்கு மேல்மூடி தனியாகக் கழற்றுகிற மாதிரி வாங்குங்க. டாக்டர் மேஜையில் பயந்த பூனையை முன்கதவு வழியாக இழுக்க வேண்டியிருக்காது, மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே பார்க்கலாம்.

ரொம்பப் பெரிசாக வாங்குவதும் நல்லதில்லை. நாளைக்கு வளரப்போகுதே என்று எட்டு வாரக் குட்டிக்குப் பெரிய நாய்ப் பெட்டி வாங்கினால், பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு அடிபடும். குஞ்சுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்க, நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் போதும். காரில் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட்டால் கட்டுங்க. டிக்கி வேண்டவே வேண்டாம்.

கோழி வாங்கிப் போகிறவர்களுக்கும் அதே கணக்குதான். அரை மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள பழப்பெட்டியில் வளர்ந்த கோழி மூணுதான் போகும். நாலாவதைத் திணிக்காதீங்க. நிமிர்ந்து நிற்க உயரம் இருக்கணும். வெளிச்சம் குறைந்தால் கோழி அமைதியாகிவிடும், அதனால் மேலே ஒரு பருத்தித் துணியைப் போடலாம். பிளாஸ்டிக் ஷீட் கூடாது.

தூக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போகலாமா என்று சிலபேர் கேட்கிறாங்க. நீங்களாகக் கொடுக்காதீங்க. மயக்கத்தில் இருக்கிற பிராணியால் மூச்சையும் சூட்டையும் சரியாகச் சமாளிக்க முடியாது. கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒழிய வேண்டாம்.

மாத்திரைக்குப் பதிலாக நம்ம பஞ்சாரத்து வழி ஒன்று இருக்கு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டு மூலையில் போட்டு வையுங்க. அதற்குள்ளே சோறு வையுங்க, அது வழக்கமாகப் படுக்கிற துணியைப் போடுங்க. தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்தால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி. அதற்கும் அது வண்டி இல்லை, வீடு என்று ஆகிவிடும்.

குட்டி எடுக்க ஊருக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். வருகிற தேதி முடிவானதும் ஒரு போன் போடுங்க. குட்டியை நிற்க வைத்து நாலு அளவும் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, எந்த நல்ல வளர்ப்புக்காரரும் மறுக்க மாட்டார். அதற்கு ஏத்த பெட்டியோடு விடியற்காலையில் வாங்க, வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போயிடலாம். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கோங்க. அதற்கு யாரும் காசு கேட்க மாட்டாங்க.